சாப்பாட்டுக்குப் பின் போடும் குளிசை

அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட நானும் என் கணவரும் மிளகாய் அரைக்கும் மில் ஒன்று வைத்திருக்கிறோம். அவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மில் என்னுடையது. மோட்டரைப் போடுவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு, சனத்தோடு கதைப்பது என் பொறுப்பு. ஈர மிளகாயைக் கொண்டுவந்து "நல்லாக் காஞ்சது" என்று சொல்கிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. பைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். ஈரம் என்றால் எல்லோருக்கும் கேட்கவே சொல்லுவேன். அதனால் என்னோடு கோபித்துக்கொண்டு வேறு மில்லுக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை உரும்பிராயிலிருந்து ஒரு மனிசி கறித்தூளுக்குச் சரக்கு வறுத்துக்கொண்டு வந்தாள். மல்லி வறுபடாமல் பச்சையாகக் கிடந்தது. இதை இன்னும் வறுக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். வலது கையில் பிடித்திருந்த கரண்டி கீழே விழுந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னெண்டாலும் வாயைத் திறந்து சொல்லுங்கோவன். மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிண்டா நான் என்னெண்டு அறியிறது?"

நான் இடது கையால் மல்லியைக் காட்டினேன்.

"பெரிய எடுப்பு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நிமிடம் இருக்கும். பிறகு எல்லாம் திரும்பி வந்தது, கையும் வந்தது, வாயும் வந்தது. வந்தவுடன், போய்விட்ட அவளைத்தான் முதலில் திட்டினேன். என் கணவர் மோட்டரை நிறுத்திவிட்டு வந்து முன்னால் நின்றார்.

"இஞ்சரப்பா, வெளிக்கிடும். ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"இப்ப ஒண்டுமில்லை. சுகமாத்தான் இருக்கிறன்."

"நீர் ஒருத்தியைத் திட்டாமல் அனுப்பினதை நான் கலியாணம் கட்டின நாளிலையிருந்து காணேல்லை. வெளிக்கிடும்."

அவர் என்னை வற்புறுத்துவது குறைவு. அதனால் போனேன்.

நகரத்தில் ஸ்கான் எடுத்தார்கள், கழுத்தில் பசை பூசி ஒரு கருவியால் உருட்டினார்கள். இடப்பக்கக் கழுத்தால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கொழுப்பும் சுண்ணாம்பும் பிடித்து நூல் போகிற அளவுக்கு ஒடுங்கிவிட்டதாம். அதிலிருந்து ஒரு துகள் கழன்று மேலே போனதால்தான் அன்றைக்கு வாய் நின்றதாம். இது முன்னெச்சரிக்கை, அடுத்தது வந்தால் பேச்சு திரும்பாமலே போகலாம் என்று டொக்டர் சொன்னார். இளம் ஆள், என் மகனாக இருக்கக்கூடிய வயது. மெதுவாகக் கதைத்தார். எனக்கு மெதுவாகக் கதைக்கிறவர்களில் நம்பிக்கை குறைவு, ஆனால் இவர் கேட்டதற்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொன்னார்.

"அப்ப என்ன செய்யப் போறியள் தம்பி?"

"டொக்டர் எண்டு சொல்லுங்கோ அம்மா" என்றாள் பக்கத்தில் நின்ற தாதி.

"பரவாயில்லை" என்றார் அவர். "ஒடுங்கின இடத்திலை ஒரு சின்னக் கம்பிக்கூடு வைச்சு விரிச்சுவிடப் போறம். ஸ்ரென்ற் எண்டு சொல்லுறது. வெட்டுக்கொத்து இல்லை. மணிக்கட்டு நாடிக்குள்ளாலை ஒரு குழாயை விட்டுக் கழுத்துவரைக்கும் போவம்."

"கழுத்திலை வருத்தம், கையிலை வைத்தியமோ?"

"வழமையாத் தொடையாலைதான் போறது. உங்கடை தொடை நாடி ரெண்டும் சுண்ணாம்பு பிடிச்சுப் பழுதாக் கிடக்கு. ஆனா ஒரு நல்ல விசயம். இடப்பக்கக் குழாய் கனபேருக்குத் தனியப் புறப்படும். உங்களுக்கு அது வலப்பக்கக் குழாயோடை ஒட்டிப் பிறந்திருக்கு. அப்பிடியான ஆக்களுக்கு வலது கையாலை போறது நேர் வழி."

"நான் ஒழுங்கில்லாமல் பிறந்ததும் ஒண்டுக்கு உதவியிருக்கு" என்றேன். தாதி சிரித்தாள்.

என் வலது மணிக்கட்டில் இரண்டு நாடிகளையும் விரலால் அமர்த்திப் பிடித்து, கையைப் பொத்தி விரிக்கச் சொன்னார். உள்ளங்கை வெளிறிப் போயிருந்தது. ஒரு விரலை எடுத்ததும் மறுபடி சிவந்தது. ஒரு நாடிக்குள் குழாய் போனாலும் மற்றது கைக்கு இரத்தம் கொடுக்குமா என்று பார்த்தாராம். கொடுக்கும் என்றார்.

"கூட்டை விரிக்கேக்கை உந்தச் சுண்ணாம்பு உடைஞ்சு மூளைக்குப் போகாதோ?"

"நல்ல கேள்வி. அதுக்குத்தான் முதல்லை ஒடுக்கத்துக்கு அங்காலை ஒரு சின்னக் குடை விரிக்கிறது. துணியிலை நுண்ணிய ஓட்டை. இரத்தம் போகும், துகள் அதிலை தங்கும். முடிய அதைச் சுருக்கி வெளியிலை எடுத்திடுவம்."

"அரிதட்டு."

"அதேதான், அரிதட்டு" என்றார். நான் முப்பது வருடம் மாவு அரித்தவள். அந்த இடத்தில்தான் எனக்கு இந்த வைத்தியத்தில் மனம் பிடித்தது.

அதற்கு முன்னால் இரண்டு விதக் குளிசை நாளுக்கு ஒருமுறை போட வேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது என்றார். மருந்து கொடுத்த இடத்தில் பொட்டலத்தில் "காலை, சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதித் தந்தார்கள். திகதியும் தந்தார்கள். அது கந்தசட்டி விரதம் முடித்துப் பாறணை செய்கிற நாளுக்கு அடுத்த நாள்.

அடுத்த நாளே தொடங்கிய கந்தசட்டியில் ஆறு நாளும் நான் விரதம். பகலில் பச்சைத்தண்ணீர் மட்டும், பின்னேரம் கோயிலால் வந்து ஒரு கப் பாலும் ஒரு பழமும். இருபத்தைந்து வயதிலிருந்து விட்டதில்லை. இவ்வளவு காலமும் எதையும் கேட்டு விரதம் பிடித்தவளும் இல்லை. அந்த முறைதான் கேட்டேன். கழுத்துக்குள் போகிற அந்தக் கம்பி ஒழுங்காகப் போக வேண்டும், வாய் நிற்கக்கூடாது, முருகா.

விரதக்காரிக்குக் காலைச் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் பின் என்ற ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் குளிசை போட்டால் குடல் புண்ணாகும் என்று முன்பு வேறொரு டொக்டர் என்னை ஏசியும் இருக்கிறார். அதனால் இரண்டு பொட்டலத்தையும் சுவாமி அறையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஆறு நாளும் அங்கேயே இருந்தன. தினமும் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினேன். இதை இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. அப்போது நான் எல்லாம் சரியாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

என் கணவர் மூன்றாம் நாள் கேட்டார். "பாலைக் குடிச்சிட்டு உந்தக் குளிசையைப் போட்டா என்ன?"

"பால் சாப்பாடே? காலமை எண்டு எழுதிக் கிடக்கு. உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே?"

அவர் தபால் கந்தோரில் முப்பது வருடம் வாசித்தவர். மோட்டரைப் போடப் போய்விட்டார்.

ஏழாம் நாள் காலை பாறணை. சோறு கறி சாப்பிட்டுவிட்டு, பொட்டலத்தில் எழுதியபடி சாப்பாட்டுக்குப் பின், இரண்டு குளிசையும் போட்டேன். அன்று மத்தியானம் ஆசுப்பத்திரியில் படுக்கச் சென்றோம். மழை ஊற்றியது. அதே தாதி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். நீரிழிவு இருக்கா, அலர்ஜி இருக்கா, பல்செட் இருக்கா.

"தந்த குளிசையை ஒழுங்காப் போட்டனீங்களோ அம்மா?"

"ஓம்."

சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கேட்ட விதத்தில், போடாமல் விட்டது பிழை என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. இல்லை என்றால் திகதி போகும். அந்த டொக்டர் இந்த வேலைக்குக் கிழமையில் ஒரு நாள்தான் வருகிறவர். இன்னொரு கிழமை அந்தப் பழுதான குழாயோடு இருக்க எனக்குப் பயம். மற்றது வெட்கம். ஈர மிளகாய்க்காரியை நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்துகிறவள், இந்தச் சின்னப் பிள்ளைக்கு முன்னால் பிழையை ஒப்புக்கொள்வதா?

என் கணவர் குடையைச் சுருக்கிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். தாதி போன பிறகு, "இஞ்சரப்பா..." என்று தொடங்கினார்.

"நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது."

அவர் திறக்கவில்லை. அதற்கும் எனக்கு அவரில் கோபம்தான்.

அடுத்த நாள் காலை என் காப்பு இரண்டையும் சவர்க்காரம் போட்டுக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தார்கள். குளிரான ஒரு அறைக்குக் கொண்டுபோய் ஒடுக்கமான மேசையில் படுக்க வைத்தார்கள். வலது கையை ஒரு பலகையில் நீட்டி, மணிக்கட்டுக்குக் கீழே துணிச்சுருள் வைத்து, மஞ்சள் மருந்து பூசினார்கள். டொக்டர் பச்சை உடுப்போடு வந்தார்.

"நித்திரையாக்க மாட்டம் அம்மா. நீங்கள் முழிச்சிருந்து கதைக்க வேணும். உங்கடை கதை ஒழுங்கா இருக்குதோ எண்டுதான் நாங்கள் மூளையைப் பார்க்கிறது."

"கதைக்கிறதுக்கு எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

அவர் ஊசியை எடுத்தார். எனக்கு அந்தக் குளிசையைத் தவிர வேறு ஒன்றும் நினைவில் இல்லை. சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"தம்பி, உந்தக் குளிசை என்னத்துக்கு?"

"கம்பிக்கூடு உடம்புக்குப் புதுச் சாமான். இரத்தம் அதிலை போய் ஒட்டி உறையப் பார்க்கும். குளிசை அதை விடாது."

"அப்ப அரிதட்டு வைக்கிறியள்தானே?"

"அது நாங்கள் வேலை செய்யிற நேரத்துக்கு மட்டும். முடிய எடுத்திடுவம். அதுக்குப் பிறகு இரத்தம் உறைஞ்சால் பிடிக்கிறதுக்கு அங்கை ஒண்டும் இல்லை. குளிசைதான். குளிசை போடாத ஆளுக்கு நான் கூடு வைச்சா, நானே கதையை நிப்பாட்டின மாதிரி."

ஊசி மணிக்கட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது.

"கொஞ்சம் நில்லுங்கோ தம்பி. நான் போடேல்லை."

"என்னது?"

"குளிசை. ஆறு நாள் போடேல்லை. நேற்றும் இண்டைக்கும்தான் போட்டனான். விரதம். சாப்பாட்டுக்குப் பிறகு எண்டு எழுதிக் கிடந்தது, நான் சாப்பிடேல்லை."

அந்த அறையில் ஐந்து பேர் நின்றார்கள். டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். என்னைப் பேசுவார் என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். பேசியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டு, "இப்பவாவது சொன்னியள்" என்று மட்டும் சொன்னார்.

பேசினது தாதிதான். "நான் கேட்டனான் அம்மா! ஓம் எண்டு சொன்னனீங்கள்! என்ரை கையாலை எழுதினனான்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த கிழமை வரைக்கும் ஆசுப்பத்திரி வாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். குளிசையை அந்தத் தாதியே கொண்டுவருவாள். போட்டதும் "ஆ எண்டுங்கோ, நாக்கைத் தூக்குங்கோ" என்பாள். குழந்தைப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். நான் நாக்கைத் தூக்கிக் காட்டினேன். எனக்கு வேண்டியதுதான்.

நாலாம் நாள் காலை தேத்தண்ணீர் வந்தது. சீனி போடவில்லை. கேட்கப் போனேன், சொல் வரவில்லை. கோப்பை சரிந்தது. இந்த முறை எனக்கு அது என்னவென்று தெரியும், அதுதான் கொடுமை. தாதியின் சட்டையைப் பிடித்து இழுத்து வாயைக் காட்டினேன். அவள் ஓடினாள். டொக்டர்மார் வந்தார்கள். ஐந்து நிமிடம், அல்லது ஆறு நிமிடம். காலைச் சாப்பாடு கொண்டுவந்த என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே பெரிய அளவில் மருந்து தந்து அவர்கள் தொடங்கியிருப்பார்கள், அல்லது பொட்டலத்தை வாங்கின அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கிழமையே வேண்டியிருக்காது. அந்த ஐந்து நிமிடமும் இதைத்தான் யோசித்தேன். யோசிக்க முடிந்தது, சொல்லத்தான் முடியவில்லை.

சொல் வந்ததும் கணவரிடம் சொன்னேன். "உங்கடை சொல்லைக் கேட்டிருக்கலாம்."

"எந்தச் சொல்லை?"

"பாலோடை போடச் சொன்னனீங்கள்."

"அதை விடும்" என்றார்.

குறித்த நாளில் மறுபடி அதே மேசை, அதே குளிர். மணிக்கட்டில் குத்தினது சின்ன நோவுதான். பிறகு தோள்வரை ஒரு எரிவு ஏறியது. நாடி இறுகாமலிருக்க மருந்து விடுவதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு உள்ளே என்ன போகிறது என்று ஒன்றும் தெரியவில்லை. மேலே ஒரு திரையில் என் கழுத்து கறுப்பு வெள்ளையாக ஓடியது. படம் எடுக்கும்போது மூச்சை அடக்கு, விழுங்காதே, கதைக்காதே என்றார்கள். அது முடிய, "குடை விரிஞ்சிட்டுது. இனிக் கதையுங்கோ" என்றார் டொக்டர்.

"என்னத்தைக் கதைக்க?"

"சரக்குத்தூள் எப்பிடி இடிக்கிறது எண்டு சொல்லுங்கோ. வலது கால் விரலையும் ஆட்டிக்கொண்டு."

"இடிக்கிறேல்லை, அரைக்கிறது" என்று தொடங்கினேன். காய்ந்த செத்தல் மிளகாயைத் தனியாக வறுக்க வேண்டும், கருகக் கூடாது. மல்லி பொன் நிறமாக வர வேண்டும். மிளகு, நற்சீரகம், மஞ்சள். வெந்தயம் கொஞ்சம்.

"எங்கடை நெல்லியடிப் பக்கம் வெந்தயம் கூடப் போடுவம்" என்றாள் தாதி.

"அதுதான் உங்கடை கறி கைக்கிறது."

டொக்டர் சிரித்தபடி, "இப்ப கூடு விரிக்கப் போறன், கழுத்து இறுகும். நிப்பாட்டாமல் சொல்லுங்கோ" என்றார். கழுத்துக்குள் யாரோ பெருவிரலை வைத்து அமர்த்துவது போல இருந்தது. கண் இருண்டது. நெஞ்சு அடிக்க மறந்த மாதிரி ஒரு வெறுமை. கருவி ஒன்று கீச்சிட்டது. "இருமுங்கோ அம்மா, பலமா இருமுங்கோ!" இருமினேன். ஊசி ஒன்று ஏற்றினார்கள். வெளிச்சம் திரும்பி வந்தது.

"சொல்லுங்கோ. வெந்தயம், பிறகு?"

பிறகு ஒரு சரக்கு இருக்கிறது. நீளமான, பச்சை விதை. வாசம்கூட மூக்கில் நிற்கிறது. பெயர் இல்லை.

"அம்மா, வெந்தயத்துக்குப் பிறகு?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். தாதி என் கால் பக்கம் போனாள். "விரலை ஆட்டுங்கோ." ஆட்டினேன். "ஆடுது டொக்டர்." அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவும் செய்து, நாக்கைத் தூக்கிக் காட்டி, கடைசியில் இந்த ஒரு சரக்கில் வந்து நிற்பதா?

"பெருஞ்சீரகம்" என்றேன்.

"இன்னொருக்கா."

"பெருஞ்சீரகம். பெருஞ்சீரகம். அதை வறுத்தால் கொஞ்ச நேரம்தான், இல்லாட்டிக் கருகிப்போம்."

"அது எனக்கும் மறக்கிறது" என்றார் டொக்டர். முகமூடிக்குள் பெரிய மூச்சு ஒன்று விட்டார்.

குடையைச் சுருக்கி எடுத்து, ஒரு வெள்ளைத் துணியில் தட்டிக் காட்டினார். கடுகிலும் சின்னதாக நாலைந்து மஞ்சள் துகள். "இவ்வளவும் உங்கடை தலைக்குள்ளை போக வேண்டியது." நான் உற்றுப் பார்த்தேன். நான் ஒவ்வொரு நாளும் அரித்துக் கொட்டுகிற குப்பையிலும் குறைவு. இதிலொன்று போதுமாம்.

மணிக்கட்டில் காற்று அடித்த ஒரு பட்டியைக் கட்டி, கையை மடக்க வேண்டாம் என்று சொல்லி வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவுக்கு வெளியே என் கணவர் நின்றார். உள்ளே நடந்தது ஒன்றும் அவருக்கு இன்னும் தெரியாது. காலையில் போனவள், இப்போது வருகிறாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். என் காப்பு இரண்டும் அவருடைய சேட்டுப் பைக்குள் துருத்திக்கொண்டிருந்தன. குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இஞ்சரப்பா. கதைக்கிறீரோ?"

கதைக்கலாம். ஆனால் அதற்குள் அவருடைய முகத்தைக் கண்டுவிட்டேன். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் விறைத்துப் போனார். அவருக்கு மில்லில் என் வாய் நின்ற நிமிடமும் தேத்தண்ணீர் சரிந்த நிமிடமும் நினைவில் வந்திருக்க வேண்டும். தள்ளிக்கொண்டு வந்தவர்கூட நின்றுவிட்டார்.

ஒரு நிமிடமும் இவரை இப்படி விடக்கூடாது என்று அவசரமாக எதையாவது தேடினேன். கண்ணுக்கு முதல் பட்டதைச் சொன்னேன்.

"சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறியள்."

அவர் குனிந்து பார்க்கவில்லை. பொத்தானைத் திருத்தவும் இல்லை.

"இன்னொருக்காச் சொல்லும்" என்றார்.

சொன்னேன்.